உன் அப்பாவின் இடது புருவம்

வருண்,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். சின்ன வயதில் எந்தக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் அப்படித்தான் செய்வாய். தயவுசெய்து இதை அப்படிப் படிக்காதே. ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் இழுத்துக்கொண்டு போனேனே, அது இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று வைத்துக்கொள். எழுத்துக் கூட்டியாவது முதல் வரியிலிருந்து படி. போனில் சொல்லலாம்தான். சொன்னால் "அம்மா, ஐ ஆம் டிரைவிங், கால் யூ பேக்" என்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால் பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் குடும்பக் குரூப்பில் நீ போட்ட செய்தியை நாலு தடவை படித்தேன். டெக்சஸில் கல்லூரி வேலை கிடைத்து ஸ்டூடியோவைக் காலி செய்கிறாய். ஞாயிற்றுக்கிழமை டிரக் வருகிறது. டெக்சஸ் வரைக்கும் சுமந்துகொண்டு போக முடியாத பழைய பிளாஸ்டர் அச்சுகள் எல்லாம் குப்பைக்குப் போகின்றன, யாருக்காவது ஏதாவது வேண்டுமானால் அதற்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம். உன் சித்தப்பா பெண் உடனே ஒரு குதிரைத் தலையைக் கேட்டாள். நான் "எல்லாமேவா?" என்று கேட்டேன். நீ "மோஸ்ட்லி" என்று பதில் போட்டாய். மோஸ்ட்லி! இருபத்தாறு வருடம் இந்த நியூ ஜெர்சியில் வீட்டு இன்சூரன்ஸ் க்ளெய்ம்களை விசாரித்தவள் நான். கூரையில் எப்படி ஈரம் வந்தது என்று கேட்டால் "மோஸ்ட்லி மழை" என்று சொன்ன வீடுகளில் எல்லாம் மாடி பாத்ரூம் குழாய்தான் உடைந்திருந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் எதையாவது ஒளித்து வைத்திருப்பார்கள். உன்னுடைய மோஸ்ட்லிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். மூன்று வருடமாகத் தெரியும். அதைப் பற்றிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உனக்குப் பதினைந்து வயது. மான்மவுத் ஜங்ஷன் வீட்டுக்கு நாம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. துவைக்கப் போட உன் அழுக்கு சாக்ஸைத் தேடிக்கொண்டு, அன்று நீ வீட்டில் விட்டுப் போன விளையாட்டுப் பையைத் திறந்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இரண்டு கை அளவு வெள்ளைப் பொடி. போதைப் பொருள் என்றே நினைத்தேன். உன்னைக் கேட்கலாம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. கேட்டால் பொய்யைத் தயார் செய்ய அவகாசம் கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்பது நான் ஆபீஸில் கற்ற பாடம். உன் பள்ளிக் கவுன்சிலருக்குப் போன் செய்தேன். பிறகு பொடியை எடுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளி இருக்கும் ரஹீம் அங்கிளிடம் ஓடினேன். அவர் பார்மசிஸ்ட், பார்த்ததும் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் விரலில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஒரு பழைய கிண்ணத்தில் கொஞ்சம் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கினார். பாத்திமா ஆன்ட்டி டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் அது இறுகிக் கல்லாகிவிட்டது. "தங்கச்சி, இதைத் தின்னா போதை ஏறாது, வயித்துக்குள்ள பொம்மையாத்தான் இறுகும். இது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்மா. புள்ளைய ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றார்.

ஆனால் அதற்குள் பள்ளியில் உன் லாக்கரைத் திறந்துவிட்டார்கள். உன் சிநேகிதர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக் கை விழுந்து இரண்டாக உடைந்தது. நீ உன் இடது கையையே அச்செடுத்து வார்த்த கை. அன்று வீட்டுக்கு வந்து நீ சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: "யூ குட் ஹாவ் ஆஸ்க்டு மீ." உன் அப்பா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். நான் உனக்கு ஒரு மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். அமெரிக்காவில் பிள்ளைகள் எப்படியெல்லாம் கெட்டுப்போகிறார்கள், நான் பார்த்த கேஸ்கள் என்னென்ன, ஒரு தாயின் இடத்தில் இருந்து யோசித்துப் பார் என்று. விளக்கம் கொடுத்தேனே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நீ என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்தினாய். நான், நூறு சதவீதம் உறுதியாகத் தெரியாத எதையும் உன்னிடம் கேட்பதில்லை என்று எனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

சந்தேகப்படுவதை மட்டும் நிறுத்தவில்லை. அது என்னால் ஆகாது. நீ கம்ப்யூட்டர் சயன்ஸில் சேர்ந்து இரண்டாம் வருடமே சிற்பத்துக்கு மாறிக்கொண்டாய். எனக்கு அது மூன்றாம் வருடம்தான் தெரிந்தது. உன் அப்பாவுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. அவர் அப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற மனிதர். என்னிடம் மட்டும் எதையும் சொல்ல மாட்டார். ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் யாராவது பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் நான் "டிசைன் சைடுல இருக்கான்" என்பேன். கார் டிசைன் என்று அவர்களாக நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன். இரண்டு வருடம் இப்படி ஓட்டினேன். ஒரு நாள் ஒரு ஆன்ட்டி அதே கேள்வியைக் கேட்டபோது உன் அப்பா தட்டை வைத்துவிட்டு, "அவன் கல்லுல சிலை செதுக்குறான். பழைய கிரேக்கத்துக்காரங்க மாதிரி. ஒரு நாள் வந்து பாருங்க, அசந்துடுவீங்க" என்றார். மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் இன்னும் உரக்கச் சொன்னார்.

உன் படங்களையும் நான் விட்டுவைக்கவில்லை. நீ வீட்டில் விட்டுப் போன சுருளைப் பிரித்துப் பார்த்தபோது ஒரே பெண்ணின் முதுகு, பதினேழு தாளில். சரி, பையன் யாரிடமோ மாட்டிக்கொண்டான் என்று முடிவு கட்டினேன். என் சட்டத்தையும் மறந்து, யார், எந்த ஊர், என்ன வயது என்று மூன்று வாரம் உன்னைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டேன். கடைசியில் நீ சிரித்துக்கொண்டே, "அம்மா, அது ஒரு ஜாடி மேல இருக்கிற பெயின்டிங். ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு" என்றாய். அப்போதும் நான் விடவில்லை. எல்லாம் வெறும் ஓரக்கோடாகவே இருக்கிறதே, நிழல் எங்கே, பாதியில் விட்டுவிட்டாயா என்று கேட்டேன். "ஷேடோ மூவ் ஆயிட்டே இருக்கும்மா. லைட்டை மாத்தினா மாறிடும். லைன் மாறாது. அதான் லைன் மட்டும்" என்றாய். அந்தப் பதிலை நான் ஆபீஸில் ஒரு பயிற்சி வகுப்பில்கூடச் சொன்னேன், உன் பெயரைச் சொல்லாமல். உன்னிடம் அதைச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

ட்ரென்டன் பக்கம் அந்தப் பழைய தொழிற்சாலையில் நீ ஸ்டூடியோ எடுத்த புதிதில், சொல்லாமல் கொள்ளாமல் எலுமிச்சை சாதத்தோடு வந்து நின்றேன். வேவு பார்க்கத்தான் வந்தேன், சாதம் ஒரு சாக்கு. உள்ளே இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருத்தி முழுசாகப் பிளாஸ்டர், மேலெல்லாம் பென்சில் புள்ளி, புள்ளிக்கு ஒரு சின்ன ஆணி. இன்னொருத்தி இடுப்புவரை மட்டும் கல்லுக்கு வெளியே வந்திருந்தாள். "அப்ப இது காப்பிதானே?" என்று கேட்டேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. முதலில் தாளில் வரைவது, பிறகு களிமண், அதிலிருந்து பிளாஸ்டர், அதிலிருந்துதான் கல் என்று காட்டினாய். ஒரு பித்தளைக் கருவியைப் பிளாஸ்டரின் மேல் மூன்று இடத்தில் நிறுத்தி, ஊசி எவ்வளவு ஆழம் போகிறது என்று பூட்டி, அதை அப்படியே கல்லுக்குக் கொண்டுபோய், அதே ஆழம் வரும்வரை துளைத்தாய். பிறகு அடுத்த புள்ளி. இப்படி எத்தனை என்று கேட்டால் "தௌசண்ட்ஸ்" என்கிறாய். "ஏன்டா, கண்ணால பார்த்துச் செதுக்க முடியாதா?" என்றேன். "கண்ணு ஏமாத்தும்மா. செக் பண்ணிட்டே இருக்கணும்" என்றாய். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். மூன்று பக்கம் விசாரிக்காமல் எதையும் நம்பாதே என்று நான் ஆபீஸில் கத்திக்கொண்டிருந்ததை நீ கல்லிடம் செய்துகொண்டிருந்தாய். மூக்கு மட்டும்தான் உன் அப்பாவுடையது, மற்றபடி நீ என் பிள்ளை.

அன்றுதான் உன் சிலைகளின் கண்ணைப் பற்றியும் கேட்டேன். நம் ஊரில் சிலைக்குக் கண் திறப்பதுதான் கடைசி வேலை, அதற்கென்று நாள் பார்ப்பார்கள். உன் பெண்களுக்கோ கண்ணுக்குள் பாவையே இல்லை, இரண்டு வெள்ளை முட்டைகள். நீ அதற்கு ஒரு கதை சொன்னாய். அந்தக் காலத்து கிரேக்கச் சிலைகளில் எல்லாம் கண், உதடு, துணி என்று வர்ணம் பூசியிருந்தார்களாம். மண்ணுக்குள் கிடந்ததில் வர்ணம் போய்விட்டது. பல நூற்றாண்டு கழித்துத் தோண்டியெடுத்த ஐரோப்பியர்கள், வெள்ளையாக இருப்பதுதான் அழகு, வெறுங்கண்தான் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டு அதே மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள். உன் பாணிக்கு அவர்கள்தான் முன்னோர். "அப்படின்னா உங்க தொழில் மொத்தமும் விசாரிக்காம பாஸ் பண்ணின ஒரு க்ளெய்ம் மேல நிக்குது" என்றேன். நீ உளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாய். லாக்கர் விஷயத்துக்குப் பிறகு என் எதிரில் நீ அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் உன் வேலையில் ஒன்றை என்னால் கடைசிவரை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீ எல்லாரையும் திருத்திவிடுகிறாய். ஒரு கல்லூரிக்காக இறந்துபோன ஒரு அம்மாளின் மார்பளவுச் சிலை செய்தாயே, அவளுடைய போட்டோக்களைச் சுவரில் ஒட்டியிருந்தாய். தாடைக்குக் கீழே தொங்கு சதை, மேலுதட்டுக்கு மேலே ஒரு மரு, பார்த்தாலே வம்பு பேசக் கூப்பிடுகிற முகம். கல்லில் வந்தவளுக்குக் கல்யாணப் பெண்ணின் கழுத்து. மருவும் இல்லை, வம்பும் இல்லை. "இது யாருடா?" என்று கேட்டேன். "இது அவங்க டிக்னிட்டிம்மா" என்றாய். இருந்ததைவிட நல்லதாக எழுதிக் கொடுப்பதற்கு எங்கள் ஆபீஸில் வேறு பெயர் வைத்திருந்தோம். அதை உன்னிடம் சொல்லாமல் சாதத்தைப் பரிமாறினேன்.

உன் அப்பாவை உட்காரவைக்க நீ எத்தனை தடவை முயற்சி செய்தாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஏன்டா, நான் என்ன செத்தா போயிட்டேன், சிலை வைக்க? காக்கா உட்கார இன்னும் டைம் இருக்கு" என்பார். பெயருக்கு உட்கார்ந்தாலும் இரண்டு நிமிடத்தில் தலை தொங்கிவிடும், இல்லாவிட்டால் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார். அந்த முகத்தில் திருத்துவதற்கு எவ்வளவோ இருந்தது. குரோம்பேட்டை மைதானத்தில் பந்து பட்டு இடது பக்கம் கோணிப்போன மூக்கு. அதன் பக்கத்தில் ஒரு அம்மைத் தழும்பு. வலது புருவம் ஒழுங்காகப் படிந்திருக்கும், இடது புருவத்தில் மட்டும் ஏழெட்டு முடி நீளமாக வளர்ந்து, யாரையோ கேள்வி கேட்பதுபோல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். மாதம் ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, சின்னக் கத்தரிக்கோலால் நான்தான் அதைக் கத்தரிப்பேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அசையாமல் உட்கார்ந்தது அந்த இரண்டு நிமிடம்தான். அவர் இறந்துபோன மாதத்தில் நான் அதைக் கத்தரிக்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், முன்னால் புரட்டாதே.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓக் ட்ரீ ரோட்டில் கறிவேப்பிலை வாங்கப் போனவர் பார்க்கிங் லாட்டில் காருக்குள்ளேயே போய்விட்டார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து சீட்டில் கறிவேப்பிலை இருந்தது. இங்கே நம் ஊர் மாதிரி அன்றைக்கே எடுக்க முடிவதில்லையே. மூன்று நாள் காத்திருந்தோம். இரண்டாம் நாள் நீ என்னிடம் வந்து, "அம்மா, எனக்கு அப்பாகூட ஹாஃப் அன் அவர் தனியா வேணும்" என்றாய். நான் சரி என்றேன். உன் தோளில் நீ ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகும் கான்வாஸ் பை இருந்தது. அப்பாவை வைத்திருந்த ஃபியூனரல் ஹோமில் இருந்த அந்த உயரமான மனிதர் பிறகு என்னிடம் வந்து, நீ ஒரு தொட்டியில் வெந்நீர் கேட்டாய் என்றும், இப்படி ஒரு மகன் கிடைக்க நான் கொடுத்துவைத்தவள் என்றும் சொன்னார். அப்பா முகத்தை நீ கழுவியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் அன்று அழுதேன்.

மறுநாள் வாய்க்கரிசி போடக் குனிந்தேன். அவர் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நான் போனது அதுதான் கடைசி. இடது புருவத்தின் வேரில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விபூதி இல்லை. விபூதி அப்படித் திட்டாக நிற்காது. அரிசி மாவும் இல்லை. அதைவிட, அந்த நீள முடிகள் இல்லை. கத்தரித்த மாதிரியும் இல்லை, பிடுங்கின மாதிரி இருந்தது. கட்டினவனுக்கு வாய்க்கரிசி போடுகிற நேரத்தில் எந்தப் பெண்ணாவது இதையெல்லாம் பார்ப்பாளா? நான் பார்த்தேன். வெந்நீர், கான்வாஸ் பை, அரை மணி நேரம், வெள்ளைத் திட்டு என்று என் புத்தி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

கேட்கலாம்தான். வெள்ளைப் பொடியை வைத்து உன்னை ஒரு தடவை குற்றவாளியாக்கியது போதாதா என்று வாயை மூடிக்கொண்டேன். முதல் வருடத் திவசம் முடிந்து எல்லாரும் போன பிறகு நீயாகத்தான் ஆரம்பித்தாய். "அம்மா, அப்பாவ மார்பிள்ல பண்ணட்டுமா?" என்று கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. "வேண்டாம். நீ மூக்கை நேராக்கிடுவே" என்றேன். நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாய். அன்று நீ எதையோ சொல்ல வந்தாய், நான்தான் கதவைச் சாத்தினேன். அப்படிச் சொன்னதற்காக நான் வருத்தப்படாத நாள் இல்லை.

அதன் பிறகு உன் ஸ்டூடியோவுக்கு நாலு தடவை வந்தேன். சாம்பார் சாதம், புளியோதரை, ஒரு தடவை வெறும் மோர். நீ கை கழுவப் போகிற நேரத்தில் அலமாரிகளை நோட்டம் விடுவேன். மூன்றாம் தடவை கிடைத்தது. மேல் தட்டில், அந்தக் குதிரைத் தலைக்குப் பின்னால், ஒரு சின்னப் பூசணிக்காய் அளவுக்கு ஏதோ ஒன்று நீலக் கட்டம் போட்ட துண்டில் சுற்றிக் கட்டியிருந்தது. அது உன் அப்பாவின் துண்டு. அவர் இறந்த வாரத்திலிருந்து அதை நான் வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன், டிரையருக்குப் பின்னால்கூடக் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். கீழே ஸ்டூல் இருந்தது, ஏறினால் எட்டிவிடும். ஏறவில்லை. தண்ணீர்க் குழாய் நிற்கும் சத்தம் கேட்டதும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வருகிற வழியில் ரஹீம் அங்கிள் வீட்டில் நிறுத்தி, பிளாஸ்டர் போட்டு எடுத்தால் முடி ஒட்டிக்கொண்டு வருமா என்று கேட்டேன். "சரியா எண்ணெய் தடவலேன்னா வேரோட வந்துடும்மா. ஏன் தங்கச்சி, யாருக்குக் கை ஒடிஞ்சுது?" என்றார். யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று பக்கமும் விசாரித்தாகிவிட்டது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். என்னைக் கேட்காமல் என் புருஷன் முகத்தை எடுத்துக்கொண்டு போக நீ யார் என்று காரில் தனியாகக் கத்தியிருக்கிறேன். அவர் குளிர்ந்து கிடக்கும்போது அவர் மேல் ஈரப் பிளாஸ்டரை ஊற்ற உனக்கு எப்படி மனசு வந்தது என்று நினைத்திருக்கிறேன். பிறகு ஒன்று புரிந்தது. நீ கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும். அவர் அசையாமல் படுத்திருந்த ஒரே சமயத்தில், மூக்கை நேராக்காமல், தழும்பை மறைக்காமல், அப்படியே அளவெடுத்து வைத்துக்கொண்டாய். அச்சுக்குத் திருத்தத் தெரியாது. அதன் பிறகுதான் வந்து பேசினாய். ஆதாரத்தை முதலில் எடு, அப்புறம் வாயைத் திற என்று நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாய். எண்ணெய் தடவத் தெரியாதவன் இல்லை நீ. அன்று அந்தப் புருவத்தில் மட்டும் தடவ விட்டுப்போயிருக்கும். அந்த அரை மணி நேரம் நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேனே, உள்ளே நீ தனியாக என்ன பாடுபட்டாயோ.

டெக்சஸில், பேர்லேண்டில் வீடு பார்ப்பதாகச் சொன்னாய். கோயில் பக்கம் என்பதற்காக என்று வேறு சொன்னாய். அதை நான் நம்பவில்லை, எனக்காகச் சொன்னாய் என்று தெரியும். ஆனால் இதைக் கேட்டுக்கொள். அந்தப் பக்கம் களிமண் பூமி, வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாக் கதவையும் பாதி திறந்து விட்டுப் பார். தானாகச் சாத்திக்கொண்டால் அஸ்திவாரம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாகப் பெயின்ட் அடித்த மூலையை விரலால் தட்டிப் பார். விற்கிறவர் "மோஸ்ட்லி" என்று சொன்னால் வெளியே வந்துவிடு. கல்லூரியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது யார் பையையும் திறந்து பார்க்காதே. கேள். பொய்யே சொன்னாலும் பரவாயில்லை, முதலில் கேள்.

லாக்கர் விஷயத்துக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், வருண். விளக்கம் எதுவும் இல்லை. நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

அதனால் இந்தத் தடவை கேட்கிறேன். அந்தத் துண்டுக்குள் இருப்பது உன் அப்பாவா? அது குப்பைக்குப் போகிறவற்றில் இருக்கிறதா, மோஸ்ட்லிக்கு வெளியே இருக்கிறதா? நீ போட மாட்டாய் என்றுதான் நம்புகிறேன். நம்புவது எனக்குப் பழக்கமில்லை, அதனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரிலேயே வருகிறேன். துண்டை நீ பிரித்து வைக்காதே, நான் பிரிக்கிறேன். முகத்தைப் பார்த்துவிட்டு உன்னிடமே தந்துவிடுகிறேன். டிரக்கில் போடாதே. உன் காரில் முன் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கூட்டிக்கொண்டு போ. அங்கே போய்க் கல்லில் செய். மூக்கு கோணலாகத்தான் இருக்க வேண்டும், உன் பித்தளைக் கருவியை வாங்கி நானே அளப்பேன். கண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது உன் தொழில்.

எனக்கு வேண்டியது அந்த முடி மட்டும்தான். அச்சில் இருக்கிறதோ வார்ப்பில் இருக்கிறதோ, உனக்குத்தான் தெரியும். சாம்பலைக் கடலில் கரைத்தோம். சட்டைகளை நானே மூட்டை கட்டி டொனேஷன் பெட்டியில் போட்டேன். ஷேவிங் பிரஷ்ஷைக்கூட அவசரப்பட்டுத் தூக்கி எறிந்துவிட்டேன். அவர் உடம்பு என்று இந்தப் பூமியில் மிச்சம் இருப்பது அந்த ஏழெட்டு முடிதான்.

அவர் போன நாள் ஞாயிற்றுக்கிழமை. அவரே ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இந்தப் புருவத்தைக் கொஞ்சம் பாரேன், கண்ணுல குத்துது" என்றார். அடுப்பில் ரசம் இருந்தது. "முதல்ல போய்க் கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க, வந்ததும் கத்தரிக்கிறேன்" என்றேன். நாற்காலியை எடுத்து உள்ளே போடவில்லை அவர். வந்ததும் உட்காரலாம் என்று அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கத்தரிக்கோலைக் கொண்டு வருகிறேன். நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னலாகப் பார்த்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வை.

அம்மா